ஏழு மணிக்கு அடங்கும் நுரை

அண்ணன் பெர்த்துக்கு வேலைக்குப் போனபோது அவன் துணிமணியெல்லாம் இரண்டு பெட்டிக்குள் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது மீன்தொட்டி. மூன்றடி நீளம், ஏறக்குறைய 200 லிட்டர் உப்புநீர். அதற்குள் இரண்டு க்ளவுன் மீன், ஒரு ஹாமர் பவளம், முதுகில் சிவப்புக்கு நடுவே வெள்ளைக்கோடு இழுத்த ஒரு கிளீனர் இறால். "ஆறு மாசம் பார்த்துக்க, ஆள் அனுப்பி எடுத்துக்கிறேன்" என்றான். இரண்டு வருடம் ஆகப்போகிறது.

அப்பா அவனை வழியனுப்ப சாங்கிக்கு வரவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னான் என்பது கோபம். தொட்டியின் மேல் அதற்கும் பழைய கோபம் ஒன்று இருந்தது. பவளத்துக்குத் தண்ணீர் 26 டிகிரியில் நிற்க வேண்டும். நம்மூர்ச் சூட்டில் அதற்குச் சில்லர் இல்லாமல் முடியாது. "மீனுக்கு ஏர்கோன், மனுசனுக்கு ஃபேனா?" கரண்ட் பில் வரும்போதெல்லாம் இதையே கேட்பார். அண்ணன் போன பிறகு அதையும் கேட்பதில்லை. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான். அங்கே நடுராத்திரியாக இருக்கும் என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லாமல் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

இந்த மார்ச்சில் ஸ்கிம்மரின் பம்ப் நின்றுபோனது. ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள், சம்ப்பில் நிற்கும் ஓர் அக்ரிலிக் குழாய். அதன் பம்பு காற்றையும் தண்ணீரையும் சேர்த்து இழுத்து, ஊசி ஊசியாய் முளைத்த சக்கரத்தில் அடித்து, பால்போலப் பொடிக்குமிழாக மாற்றும். மீன் கழிவு, மிச்சத் தீனி, பவளம் விடும் சளி இவற்றிலுள்ள பல பொருள்களுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை விலகும். விலகும் முனை காற்றைத் தேடி குமிழில் ஏறிக்கொள்கிறது. குமிழ் மேலே போய் நுரையாகி, கழுத்து வழியே ஏறி, கோப்பையில் விழுந்து கறுப்பாகத் தேங்குகிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் அலை ஒதுக்கும் அழுக்கு நுரையும் இதே சங்கதிதான். நல்ல தண்ணீரில் குமிழ்கள் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். அதனால்தான் தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். கடை அங்கிள் இரண்டே விஷயம் சொன்னார். சம்ப்பில் நீர்மட்டம் மாறவே கூடாது. முதல் இரண்டு வாரம் அது சொன்னபடி கேட்காது, திருகாதே. புது அக்ரிலிக்கில் தயாரிப்பின் எண்ணெய்ப்பிசுக்கு இருக்கும், உள்சுவரில் மெல்லிய பாசிப்படலம் படிந்த பிறகுதான் நுரை ஒழுங்காக ஏறும் என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே திருகினேன்.

திருக இருப்பது ஒரே ஒரு வால்வு. மூடினால் உள்ளே நீர்மட்டம் ஏறும், நுரை நீர்த்துப்போய் வெளிர்ந்த தேநீர் மாதிரி கோப்பையில் விழும். திறந்தால் மட்டம் இறங்கும், நுரை காய்ந்து கெட்டியாகி கொஞ்சமாய்ச் சேரும். எது நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து மாதிரி சொல்வார்கள். என் பிரச்சினை அதுவல்ல. பகலெல்லாம் கழுத்தின் பாதிவரை அழகாக நிற்கும் நுரை, சாயங்காலம் ஏழு மணி வாக்கில் படுத்துவிடும். கழுத்து காலி. வேலை முடிந்து வந்து பார்க்கும் நான் வால்வைக் கொஞ்சம் மூடுவேன். அசையாது. இன்னும் கொஞ்சம் மூடுவேன். நடுராத்திரியில் தானாகவே நுரை திரும்பி வரும். மூடிவைத்த வால்வுக்குப் பொங்கி, கோப்பை வழிந்து, மூன்று நாளாய்ச் சேர்த்த அழுக்கெல்லாம் சம்ப்பிலேயே விழும். அங்கிருந்து மறுபடி தொட்டிக்கு.

பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தேன். காற்றுக்குழாயில் உப்பு அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்தேன். தீனியைக் காலைக்கு மாற்றினேன். இரண்டு வாரம் இப்படியே போனது. ஹாமர் பவளம் சுருங்கிக்கொண்டு ஐந்து நாள் வெளியே வரவில்லை. அண்ணனுக்கு வீடியோ அனுப்பினால், "நீ தொட்டுக்கிட்டே இருக்கேலா, அதான்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா திறந்த சட்டியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். நுரை விளிம்புக்கு வந்தது. பேச்சை நிறுத்தாமலே அரைக்கரண்டி எண்ணெய் விட்டார். நுரை அப்படியே உட்கார்ந்தது. இருபத்தாறு வருடமாகப் பார்க்கும் காட்சிதான். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது: ஏழு மணிக்கு என் தொட்டியில் யார் எண்ணெய் விடுவது?

மறுநாள் சீக்கிரமே கிளம்பி ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா பிளாஸ்டிக் முக்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள். அந்தக் கிளீனர் இறால் அவர் நடுவிரலில் ஏறி நின்று, நக இடுக்கைக் குச்சிக் கால்களால் நோண்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தது. கடலில் அது மீன்களுக்குச் செய்யும் வேலை. மனிதக் கை கிடைத்தாலும் விடாது. அப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் பம்ப் பார்த்தவர், காது பாதி போய்விட்டது. நான் கதவைத் திறந்தது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலப் புட்டி, மூடி திறந்தபடி.

சத்தமில்லாமல் வெளியே வந்து, லிஃப்ட் பக்கம் பத்து நிமிடம் நின்றுவிட்டு, சாவிக்கொத்தை நன்றாகக் குலுக்கியபடி திரும்பப் போனேன். அதற்குள் முக்காலி சமையலறைக்குப் போயிருந்தது.

பழைய ஸ்கிம்மரிலும் இது நடந்திருக்கும். அப்போது நான் கேபினட்டைத் திறந்ததே வாரத்துக்கு ஒருமுறைதான்.

எனக்குப் பயமாக இருந்தது. தைலம் இறாலுக்கு ஆகாது, அது ஒரு பயம். சொன்னால் அப்பா கையை எடுத்துவிடுவார், அப்புறம் தொட்டிப் பக்கமே வரமாட்டார், அது இன்னொன்று. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லப்பட்ட விஷயத்தை அவர் மறுமுறை செய்ததில்லை. ராத்திரி அண்ணனிடம் கேட்டேன். "சொல்லிரு. இறால் செத்துரும்" என்று எழுதினான். ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டான்.

"வலது" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது சுற்றி வளைத்தேன். ஸ்கிம்மர் சாயங்காலத்தில் நுரைக்க மாட்டேங்குது, ஏதோ எண்ணெய் படுது போல, அம்மா பருப்புச் சட்டியில் விடுவது மாதிரி என்றேன்.

"ஆயில் பட்டா நுரை நிக்காது. பில்ஜ் தண்ணியில பார்த்ததில்லையா நான்?" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். உள்ளங்கையைத் திருப்பி ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அம்மா என்னைப் பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் முக்காலி வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நுரை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் கழுத்தில் கம்பீரமாக நின்றது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தபோது அப்பா கேபினட் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு விரலைப் பம்பின் மேல் வைத்திருந்தார். சத்தம் கேட்காதவருக்கு அதிர்வு போதும். "பம்பு நல்லா ஓடுது. நீதான் ஓயாம திருகுற. விட்டுரு" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "தைலம் இனிமே படுக்கப் போறப்பதான் போடுவேன். சோப்பு போட்டுக் கழுவுனா பரவால்லையா?"

"சோப்பும் ஆகாதுப்பா. வெறும் தண்ணி, நல்லாத் தேய்ச்சு."

ஆறு மணிக்குக் குளித்துவிட்டு அவர் கை கழுவுவதை இப்போதெல்லாம் பார்க்க வேண்டும், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோற்றார். வால்வில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறார், யாரும் தொடக்கூடாது. பத்து நாளில் கோப்பையில் கோப்பி-ஓ நிறத்தில் இரண்டு விரற்கடை சேர்ந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. ஹாமர் மெல்லத் தலைகாட்டியது.

கோப்பையைக் கழுவப் போனபோது, "இரு" என்றார். தன் போனை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு படம் எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ தேடினார். யாருக்கு அனுப்புகிறார் என்று நான் கேட்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து அவர் போன் ஒலித்தது. என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கான், படி" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பா வரணுமாம்பா."

"இவனுக்கு எதுதான் போதும்?" என்றபடி அப்பா குனிந்து, தான் போட்ட பேனாக் கோட்டை ஒருமுறை சரிபார்த்தார்.