சும்மா பார்க்க ஒரு பாஸ்!

- மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



சர்வே வகுப்பில் மாவட்ட எல்லையைக் கோடும் புள்ளியுமாக வரையச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் கோடு காகிதத்தில்தான் இருக்கும், தரையில் இருக்காது என்று நினைப்போம். நான் அதைத் தரையிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காவிரிப் பாலத்தில், 2020-ல்!

எங்கள் வீடு குளித்தலையில். எங்கள் அப்பாயி இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். குளித்தலை கரூர் மாவட்டம், முசிறி திருச்சி மாவட்டம். நடுவில் ஒரே ஒரு பாலம். கொரோனா வரும்வரை எங்களுக்கு இது இரண்டு மாவட்டம் என்ற நினைப்பே கிடையாது. அப்பாயி கருவாட்டுக் குழம்பு வைத்தால் தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவு பக்கம்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூன் மாதம் தமிழ்நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒரே மண்டலத்துக்குள் போக இ-பாஸ் தேவையில்லை என்று டி.வி.யில் சொன்னதும் அம்மா பையை எடுத்து வைத்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, கரூர் ஒரு மண்டலம், திருச்சி வேறு மண்டலம்!

பக்கத்து வீட்டு அண்ணன் செல்லில் இ-பாஸ் விண்ணப்பத்தைத் திறந்து காட்டினார். என்ன காரணம் என்று கேட்டிருந்தது. கல்யாணம், மருத்துவம், சாவு... இப்படித்தான் இருந்ததே தவிர, "அம்மாவைப் பார்க்க" என்று ஒரு காரணம் அதில் இல்லை. அப்பா போனில் விஷயத்தைச் சொன்னார். அப்பாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அதுக்கென்னடா? நான் செத்துட்டேன்னு எழுதிட்டு வா. வந்ததும் நான் எந்திரிச்சுக்கிறேன்!"

நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கிற தாய்க்கு அப்படி எழுத என் கை வராதும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலையில் அப்பாவின் பெரியப்பா இறந்துபோனார். அவருக்கு வயதாகியிருந்தது, நோயால் அல்ல. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அப்போதைய விதி. அப்பாவுக்குப் பாஸ் கிடைத்தது. தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அங்கே நாலு மாதம் கழித்து அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் மாஸ்க், நடுவில் பத்தடி தூரம். கட்டிப் பிடித்து அழக்கூட வழியில்லை. அப்பாயி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"என்னைப் பாக்க ஒரு சாவு வேண்டியிருந்துச்சாடா?"

அன்று இரவு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த அப்பா, வெகுநேரம் உள்ளே வரவில்லை. அப்போது எனக்கு ஏழாம் வகுப்பு. அவர் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வருடம் ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 2, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத ஞாயிறுகளில் முழு ஊரடங்கு. வழக்கமாகச் சித்தப்பா, அத்தை வீடு எல்லாரும் கட்டுச்சோற்று மூட்டையோடு ஆற்றங்கரையில் கூடுவோம். அந்த வருடம் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மஞ்சளும் பூவும் போட்டு, அதையே காவிரியாக நினைத்து அம்மா கும்பிட்டார். அக்கரையில் அப்பாயியும் அதையேதான் செய்தாராம்.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மடக்கியது. 2022 ஜனவரி 16, காணும் பொங்கல். அன்றும் முழு ஊரடங்கு! சொந்தபந்தங்களைப் போய்க் காண வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள். அந்த நாளில் யாரையும் காண முடியாது. முதல் நாளே போகலாம் என்றால் திங்கட்கிழமை விடியற்காலை அப்பா வாழைக்காய் மண்டியில் லோடு இறக்க நிற்க வேண்டும். கடைசியில் சித்தப்பா மகன் செல்லில் வீடியோ கால் போட்டான். நாங்கள் செல்லைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் வரிசையாக விழுந்து கும்பிட்டோம். அப்பாயி "நல்லாயிருங்க" என்று சொல்லி, கை நிறைய விபூதி எடுத்து செல் மேலேயே தூவிவிட்டார்! "ஐயோ, ஸ்பீக்கர் போச்சு அப்பாயி!" என்று அவன் கத்தியதுதான் எங்களுக்குக் கேட்டது.

இதையெல்லாம் சொல்லி நான் ஏதோ பாசக்காரப் பேரன் என்று காட்டிக்கொள்ள வரவில்லை நண்பர்களே. இனிமேல் சொல்வதுதான் விஷயம்.

போன பொங்கலுக்கு ஹாஸ்டலில் இருந்து ஊருக்குப் போனேன். நாலு நாள் லீவு. ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் சினிமா, மீதி நாள் பள்ளிக்கூட நண்பர்களோடு கிரிக்கெட். பாலத்தைத் தாண்டவில்லை. காணும் பொங்கலன்று சாயங்காலம் போன் வந்தது.

"ஏண்டா தம்பி, இப்பவும் பாலத்துல பாஸ் கேக்குறாங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. 2020 செப்டம்பர் முதல் தேதியே தமிழ்நாட்டுக்குள் போக இ-பாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறு வருடம் வந்த இ-பதிவும் போய்விட்டது. போலீஸ் தடுப்பு இல்லை. பஸ் ஏறினால் பத்து நிமிடம். இப்போது அந்தப் பாலத்தில் கோடு போட்டது யார்? நான்தான். அன்று திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். சொல்லாமல் போனதால் அப்பாயி பதறிவிட்டார்.

"என்னடா திடீர்னு? வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல அப்பாயி. சும்மாதான், உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னு."

"சும்மாவா!" என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

அந்த விண்ணப்பத்தில் இல்லாமல் போன காரணம் அதுதான் நண்பர்களே, "சும்மா". வரும் செமஸ்டர் லீவில் உங்கள் ஊரிலும் யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதற்கும் காத்திருக்காதீர்கள். சும்மா ஒரு நடை போய் வாருங்கள். இன்றைக்குப் பாஸ் கேட்க யாரும் இல்லை!