இரண்டு கம்பனிகளும் வராத தோட்டம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பெற்றோர் சிலர் வழக்குப் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன. அவர்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் இல்லை. பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேல்மலைத் தேயிலைக்குள் ஏறுவார்கள், மழை வந்தால் இறங்குவார்கள். கூட வந்த தோட்டத் தலைவர் தானே கீறிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். வீதியோரம் ஒரு கம்பனியின் டவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மற்றதன் டவர், நடுவில் இவர்களுடைய டிவிசன்கள்.

"ஒருத்தன் எடத்துக்கு ஒருத்தன் வர்றதில்லன்னு பேசி வச்சிக்கிட்டாங்க சார். இல்லாட்டி இத்தன சனம் இருக்கிற எடத்த எவன் விடுவான்?"

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி அது. 1984இல் ஏடி அண்ட் டி நிறுவனம் உடைக்கப்பட்டபோது ஏழு பிராந்தியத் தொலைபேசிக் கம்பனிகள் பிறந்தன. 1996இல் வந்த சட்டம் உள்ளூர்ச் சந்தையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. ஆனால் பக்கத்துப் பிராந்தியத்தில் காலூன்ற அந்தக் கம்பனிகள் பெரிதாக முயலவில்லை. தொலைபேசி, அதிவேக இணையச் சந்தாதாரர்களின் சார்பில் வில்லியம் ட்வாம்ப்ளியும் இன்னொருவரும் வழக்குத் தொடுத்தார்கள். புதியவர்களை உள்ளே விடாமலும், ஒருவர் எல்லைக்குள் ஒருவர் நுழையாமலும் இருக்க இவர்கள் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2007 மே 21இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அது தோற்றது. ஒரே மாதிரி நடந்துகொள்வது மட்டும் உடன்படிக்கையைக் காட்டாது, உடன்பட்டார்கள் என்று நம்பவைக்கும் விவரங்கள் முறைப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று நீதியரசர் சூட்டர் எழுதினார். ஏகபோகத்தில் வளர்ந்த நிறுவனங்கள் தத்தம் இடத்தில் இருந்துவிடுவது இயல்பே என்பது அவர் கொடுத்த விளக்கம்.

எனக்கு மாற்றுத் தீர்ப்புத்தான் பிடிக்கும். பிரதிவாதிகளைப் பதில் மனுக்கூடப் போடச் சொல்லாமல் வழக்கை முடிப்பதா என்று நீதியரசர் ஸ்டீவன்ஸ் கேட்டார். சதி நடந்திருந்தால் அதன் ஆவணங்கள் கம்பனிகளின் அலுமாரியில் இருக்கும். அவற்றை வழக்குக்கு முன்பே சந்தாதாரர் எங்கே போய்த் தேடுவார்? தலைவர் கொண்டுவந்த வரைபடமும் ஒரே மாதிரி நடத்தையைத்தான் காட்டியது. அதைத் தாண்டி எங்கள் கையில் ஒன்றுமில்லை.

இலங்கையில் கதவு இன்னும் ஒடுங்கியது. ஏகபோகம், கம்பனி இணைப்பு பற்றி 1987ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இருந்த ஏற்பாடுகள், 2003ஆம் ஆண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் விடுபட்டுப் போயின. போட்டிக்கெதிரான நடத்தையை அந்த அதிகாரசபை விசாரிக்கலாம். ஆனால் தொலைத்தொடர்பு என்றதும் யார் முதலில் விசாரிப்பது என்ற வழக்கு முளைக்கும். இந்தியாவில் அதுதான் நடந்தது. இணைப்புத் தராமல் மற்ற நிறுவனங்கள் கூட்டாகத் தடுத்தன என்று தொலைத்தொடர்பு நிறுவனமான ஜியோ முறையிட, 2017 ஏப்ரலில் போட்டி ஆணைக்குழு விசாரணைக்கு உத்தரவிட்டது. பம்பாய் மேல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. முதலில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் முடிவு சொல்லட்டும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ஜியோவிடம் பணமும் இருந்தது, சட்டத்தரணிகளும் இருந்தார்கள். நாட்சம்பளக் குடும்பங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அதனால் 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்தோம். அந்தப் பகுதியில் டவர் கட்ட யாராவது விண்ணப்பித்தார்களா என்று பிரதேச சபையிடம் கேட்டோம். பதில் எங்கள் சந்தேகத்தையே புரட்டிப் போட்டது. கம்பனிகளில் ஒன்று முன்னரே விண்ணப்பித்திருந்தது. காணிக்கான சம்மதக் கடிதம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து வராததால் கோப்பு அப்படியே கிடந்தது. வருவதில்லை என்று பேசி வைத்தவன் எதற்கு விண்ணப்பம் போடுகிறான்?

"அப்ப மத்தவன்?" என்றார் தலைவர். மற்றவனுக்கு உடன்படிக்கை தேவையே இல்லை. செலவு அதிகம், ரீலோட் போடுவது ஐம்பது, நூறு ரூபாய்க்கு. முதலாமவன் முட்டி நின்றதைப் பார்த்தாலே போதும். இது குற்றமற்ற நடத்தை என்று சட்டம் சொல்லலாம். பாடம் தவறிய பிள்ளைக்கு இழப்பு அதேதான் என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

முடிச்சு காணியில் இருந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, நீண்டகாலக் குத்தகை தோட்டக் கம்பனியினுடையது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருப்பவரின் பெயரில் ஒன்றுமில்லை. பல லயங்களுக்குத் தனி முகவரிகூடக் கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். வீட்டுக்குக் கம்பிவழி இணையம் கேட்டால் முகவரிக்கும் தோட்டத் துரையிடம் போக வேண்டும், கம்பம் நடவும் துரையிடம் போக வேண்டும்.

சதி என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்தேன். நியாயமான தேவைகளை நிறைவுசெய்யும் சேவை நாட்டில் கிடைக்கச் செய்வது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் நோக்கம் என்று 1991ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. அதை வைத்து ஆணைக்குழுவுக்கும், காணிச் சம்மதம் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதினோம். சம்மதம் வந்தது, டவரும் வந்தது. மேல் டிவிசன்களில் இப்போது 4ஜி கிடைக்கிறது. ஆற்றோரக் கீழ் டிவிசன் மலையின் மறைவில் இருப்பதால் அங்கே எட்டவில்லை. அந்தக் குடும்பங்களுக்காக லயத்துக்கு லயம் முகவரி இலக்கமும், கம்பம் நட நிரந்தர அனுமதியும் கேட்டு இரண்டாவது மனு போட்டிருக்கிறோம்.