ஆணி அடிக்காத செருப்பு

நண்பரின் அம்மாவுக்குச் சர்க்கரை. கால் மரத்துப்போய், முள் ஏறியதே ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மைக்ரோ செல்லுலர் ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்லிவிட்டார்கள். "காட்பாடிப் பக்கம் செய்றவர் ஒருத்தர் இருக்கார், வா" என்றார் நண்பர்.

இந்தச் செருப்புக்கு வேலூர் மண்ணோடு பழைய உறவு. 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, மரத்துப்போன காலில் அவர் அறியாமல் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று கண்டார். அங்கிருந்துதான் மெத்தென்ற ரப்பர் செருப்பும் சிகிச்சையில் சேர்ந்தது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் அதற்கென்றே பட்டறை நடந்தது.

நாங்கள் பார்த்த செருப்புக்காரரும் ஒருகாலத்தில் தொழுநோயாளி. நோய் எப்போதோ குணமாகிவிட்டது. விரல்களில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. தோல் அறுக்கும் கத்தியின் பிடியில் பழைய ரப்பரைத் தடிமனாகச் சுற்றியிருந்தார். இறுக்கிப் பிடித்தால் கொப்புளம் வரும், வந்தது தெரியாது. பசை தடவுவது, சாணை பிடிப்பதெல்லாம் எந்தச் செருப்புப் பட்டறையிலும் உள்ளதுதான். இங்கே ஆணி மட்டும் கிடையாது. அடி தேய்ந்து ஆணி மேலே வந்தால் மரத்த கால் அதன் மேலேயே நடந்துகொண்டிருக்கும்.

ரப்பர் ஷீட்டை என்னிடம் நீட்டினார்.

"அமுக்கிப் பாருங்க சார். பாதியா அமுங்குதா?"

அமுங்கியது. ரப்பரின் கடினத்தன்மை ஷோர் அளவில் சுமார் 15 இருக்க வேண்டும் என்பது கணக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாதியாக அமுங்கினால் சரி என்பது பட்டறைக் கணக்கு. அவர் விரலுக்கு அது தெரியாது. ஆகவே ஷீட் வந்து இறங்கும்போதெல்லாம் மகளைக் கூப்பிடுவாராம்.

கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று மொத்தக்காரர் தருகிறார். அதே செருப்பு டவுனில் 'டயபடிக்' ஸ்டிக்கரோடு பல மடங்கு விலைக்குப் போகிறது. அதுகூடப் போகட்டும். சாதாரண ஹவாய் ஷீட்டை வெட்டி எம்.சி.ஆர். என்று விற்கிறார்களே, அது பச்சைத் துரோகம். வாங்குகிறவரின் காலுக்கு வித்தியாசம் தெரியாது என்று தெரிந்தே விற்கிறார்கள். விற்பவனை விரலால் அமுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்தாலே ஊர் ஒதுங்குமாம். ஆஸ்பத்திரியில் வாங்கியதைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறுவார்களாம். "இப்ப சர்க்கரைக்காரங்களும் போடுறாங்க. எவன் எதுக்குப் போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

பேச்சுக்கு நடுவே ஒரு பெரியவர் வந்தார். பின்பட்டையை எடுத்துவிட வேண்டுமாம், கோயில் வாசலில் குனிந்து கழற்ற முடியவில்லையாம்.

"பட்டை இல்லேன்னா செருப்பு நழுவினது உனக்குத் தெரியாது பெரியவரே. வெயில்ல வெறுங்காலா வீடு வரைக்கும் போயிடுவ."

"அப்ப எப்படிப்பா கழட்டறது?"

"குடு, வெல்க்ரோ வச்சுத் தரேன். குச்சியாலயே தட்டிக் கழட்டிக்கலாம்."

பெரியவர் கூலி எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்தார்.