பழைய பெட்டியும் இரண்டு பொட்டும்

பாறசாலையில் களியக்காவிளைப் பேருந்தில் ஏறினால், சீட்டு வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிப் பையிலிடுவதற்குள் மாநிலம் மாறிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று கிழிக்கப்பட்ட கோட்டுக்கு இப்பால் தலைமுறை தலைமுறையாய் வாழும் தமிழரும் உண்டு; நம்மைப் போன்று பிழைப்பை நாடி வந்து சேர்ந்தோரும் உண்டு. காய்கறிக்கும் மருத்துவருக்கும் கல்யாணத்துக்கும் அக்கோட்டை நாள்தோறும் தாண்டிப் பழகிய நாம், அது வேலியாகவும் ஆகக்கூடும் என்பதை 2020ஆம் ஆண்டு பங்குனியில்தான் அறிந்தோம். அதை எழுத வந்தோமல்லோம். ஒரு பழைய ஸ்டீரியோப் பெட்டியைப் பற்றி எழுத வந்தோம். ஆனால் அந்தப் பெட்டியின் கதை கோட்டைத் தொடாமல் நடக்காது.

நம் தந்தையார் இரயில்வேயில் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்திருந்த நமக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. சேருவதற்கான பயணச் செலவுக்கும் இரண்டு சட்டைத் துணிக்கும் கையில் காசில்லை. வீட்டில் விலைபோகக்கூடியதாக இருந்தது தந்தையாரின் மர்பி வானொலி ஒன்றே. அன்னையார் அதை ஆக்கர் கடைக்காரரிடம் முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதைப் பற்றி அவர் பின்னர் ஒரு சொல்லும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த அவரை, கண்பார்வை மங்கத் தொடங்கியதும் பாறசாலைக்கே அழைத்து வந்தோம். தொலைக்காட்சி அவருக்கு வெறும் வெளிச்சமாயிற்று. அண்டை வீட்டார் அன்புடையவர்களே. ஆயினும் அவர்கள் மலையாளம் இவருக்கு முழுதும் விளங்காது, இவருடைய நெல்லைத் தமிழ் அவர்களுக்கு விளங்காது. திண்ணையில் அமர்ந்து இரயில் போகும் ஓசையைக் கொண்டு மணி சொல்லுவார். அதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

2019ஆம் ஆண்டு ஐப்பசியில், நம் நிலையத்துக்குப் பயணச்சீட்டு வாங்க வந்த முதியவர் ஒருவர் பேச்சுவாக்கில் தம் வீட்டில் பழைய ரேடியோ ஒன்று கிடப்பதாகச் சொன்னார். ஞாயிறன்று சென்று பார்த்தோம். ரேடியோ என்று அவர் சொன்னது, இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய பயனியர் ஸ்டீரியோ ரிசீவர்! வெள்ளியைப் போன்ற முகம், மரப் பெட்டி, உள்ளங்கை நிறையும் சுழற்குமிழ், கூடவே ஆளுயரத்தில் பாதி நிற்கும் இரண்டு ஒலிபெருக்கிகள். சவூதி அரேபியாவில் பணியாற்றிய காலத்தில் வாங்கிக் கப்பலில் அனுப்பியதாம்.

வானொலி வாங்கியும் ஒலியை வலுவாக்கும் மிகைப்பியும் (ஆம்ப்ளிஃபயர்) ஒரே பெட்டிக்குள் அடங்கியதே ரிசீவர். 1938இல் தொடங்கப்பட்ட பயனியர் போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் 1970களில் இவற்றைப் போட்டி போட்டுச் செய்தன. அதற்கு முன்பெல்லாம் வாட்டுக் கணக்கை அவரவர் மனம்போல் எழுதிவந்தார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974இல் அதற்கு விதி வகுத்தது. அளந்து காட்டினாலன்றி வாட்டு எழுதலாகாது என்றானதும், உண்மையிலேயே பெரிய மின்மாற்றியும் பெரிய மின்தேக்கியும் வைத்தால்தான் ஆயிற்று. 1978இல் பயனியர் செய்த ஒரு பெட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் 270 வாட்டுத் தந்தது. ஒரு கல்யாண மண்டபத்தையே அலறவைக்கலாம்! நாம் பார்த்தது அவ்வளவு பெரிதன்று. நம் வீட்டுக்கு அதுவே மிகை.

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி முடித்தோம். அது மழைக்கு முன் கூரை ஓடு மாற்றுவதற்காக ஒதுக்கிய பணம். இல்லத்தரசியார் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “இது பாடுமா, இல்ல மழைக்குக் குடை பிடிக்குமா?” என்று கேட்டார். நாம் வாளாவிருந்தோம்.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. சவூதியில் அக்காலத்து வீடுகளில் 127 வோல்ட்டு மின்சாரமும் வழங்கிற்று. முதியவர் இங்கே வந்தபின் அதற்கென ஒரு தனி மின்மாற்றியை இடையில் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அது என்றோ பழுதாகிக் குப்பைக்குப் போயிற்று. பெட்டியின் பின்புறத்தில் மின்னழுத்தத்தைத் தெரிவு செய்யும் திருகு ஒன்று உண்டு. தூசிக்கடியில் அது 120இல் நின்றது. நாமோ அன்னையாரைப் பக்கத்தில் அமர்த்தி, குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு விழாவைப் போலச் சொருகியைச் செருகி விசையை அழுத்தினோம். ஒரு நொடி முகப்பு விளக்குகள் பகலைப் போல் எரிந்தன. பிறகு ‘டப்’ என்றோர் ஓசை; மீன் கருகினாற்போன்ற நாற்றம்; இருள்.

“ஏய்யா, நின்னுட்டா?” என்றார் அன்னையார். அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

களியக்காவிளையில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வால்வு ரேடியோக் காலத்திலிருந்து அதே சிறு கடை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். மூடியைக் கழற்றிப் பார்த்தவர், “பயப்படாண்டாம் சாரே, மாடு செத்துப் போவல்ல, மயங்கிக் கிடக்கு” என்றார். உருகுகம்பி தன் உயிரைக் கொடுத்து மின்மாற்றியைக் காத்திருக்கிறது. பெரிய மின்தேக்கிகள் இரண்டும் வயிறு வீங்கியிருந்தன. நாற்பதாண்டு கடந்த மற்றச் சிறு மின்தேக்கிகளையும் மாற்றுவதே நன்று என்றார். பொருள்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவேண்டும்.

அவர் வேலை செய்யும் முறையை விடுமுறை நாள்களில் அருகிருந்து பார்த்தோம். பழுதுபார்த்த பெட்டியை அவர் நேரே மின்சாரத்தில் இணைப்பதில்லை. இடையே ஒரு 100 வாட்டுக் குண்டுபல்பைத் தொடராக வைக்கிறார். உள்ளே எங்கேனும் மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் பல்பு முழுவதும் எரியும், பெட்டி பிழைக்கும். எல்லாம் சரியென்றால், பெரிய மின்தேக்கிகள் நிரம்பும்வரை பல்பு ஒருகணம் பளிச்சிட்டுப் பின் மங்கும். அந்த மங்கலைக் காண அவரும் நாமும் மூச்சை அடக்கி நின்றோம். பளிச்சிட்டது, மங்கியது. அவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். அவர் மகிழ்ச்சிக்கு அதுவே அடையாளம்.

சுழற்குமிழ்களில் படிந்த கருமைக்கு மருந்து தெளித்துப் பலமுறை திருகியதும் கரகரப்பு ஓய்ந்தது. எரிந்துபோன முகப்பு விளக்குகளையும் மாற்றினார். 2020 மார்ச்சு 15, ஞாயிற்றுக்கிழமை, பெட்டி வீடு வந்தது.

பண்பலையில் முள்ளை நகர்த்தினோம். 101.9இல் திருவனந்தபுரம் மலையாளத்தில் கணீரென்று ஒலித்தது. அங்கிருந்து இடப்புறமாக ஒரு நெல்மணி அளவு நகர்த்தினால் 101. அங்கே நாகர்கோவில் தமிழில் பேசிற்று! இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் அது, 1984இல் தொடங்கியது. மத்திய அலையிலும் இதே விந்தைதான். 1943இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகப் பிறந்து, 1950இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்த திருவனந்தபுரம் 1161இல். 1963இல் வந்த திருநெல்வேலி 1197இல். மண்ணில் உள்ள கோடு அந்தக் கண்ணாடியிலும் இருக்கிறது. கடக்க இரண்டு விரல் போதும்.

ஆனால் மத்திய அலை வாய் திறக்கவில்லை. கடையில் பாடியது வீட்டில் பாடவில்லை. “நாகர்கோவில் நல்லாத்தான் இருக்கு. திருநெல்வேலி வராதாய்யா?” என்று அன்னையார் கேட்டார். அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் காட்டுகிறோம் என்றோம். அடுத்த ஞாயிறு மார்ச்சு 22. நாடு முழுவதும் ஊரடங்கு. அன்றோடு பயணி வண்டிகள் நின்றன. 1979இல் போட்ட இருப்புப் பாதையில் பாறசாலைக்கும் குழித்துறைக்கும் இடையே சரக்கு வண்டிகள் மட்டுமே ஓடின. களியக்காவிளையில் காவலர் நின்றனர்.

சித்திரையில் அன்னையாரின் தமையனார் ஊரில் காலமானார். அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தோம். அது வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. தொலைபேசியில் அழுகையைக் கேட்டபின் அன்னையார் பெட்டியின் பக்கம் கைகாட்டி, “அதை மூடி வை” என்றார். ஒரு வேட்டியை எடுத்து மூடினோம். பதினாறு நாளும் அது அப்படியே இருந்தது.

பதினேழாம் நாள் காலை, அவரே வேட்டியை மடித்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாம் களியக்காவிளைப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

பெட்டியின் முதுகில் கறுத்த கோல் ஒன்று உண்டு. அதுவே மத்திய அலைக்கு வான்கம்பி. அதில் சுற்றிய மயிரிழை போன்ற கம்பி எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மகளின் பூதக்கண்ணாடியைக் கொண்டு தேடினோம். முனை ஒன்று விடுபட்டிருந்தது. ஆட்டோவில் வரும்போது நாம் அந்தக் கோலைப் பிடித்துத் தூக்கியதே காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பற்றவைக்கும் கோல் இரவல் கிடைத்தது. “மின்சாரத்த ஊரியாச்சா? ரெண்டு தரம் பாரும்” என்று அவர் சொல்லச் சொல்ல, இரு விரல் சுட்டுக்கொண்டு, மூன்றாம் முயற்சியில் ஒட்டினோம்.

பகலில் இரைச்சலே மிகுந்திருந்தது. கதிரவன் இருக்கும்வரை வான்வெளியின் கீழ்ப்படலம் ஒன்று மத்திய அலையை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் அது மெலிய, மேற்படலத்தில் பட்ட அலை திரும்பி மண்ணுக்கு வரும். ஆகவே விளக்கேற்றும் வேளைவரை பொறுத்தோம். 1161ஐத் தாண்டி மெல்ல நகர்த்தினோம். மலைக்கு அப்பாலிருந்து ஒருவர் குரல் வந்தது. உழவர் ஒருவர் வாழைக்கு உரமிடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாட்டு அன்று, நாடகம் அன்று, வாழையும் உரமும்.

அன்னையார் ஒலிபெருக்கியை ஒட்டி அமர்ந்து கேட்டார். “எங்க அண்ணன் பேசுத மாதிரியே பேசுதான்” என்றார். உழவர் பேசி முடிக்கும்வரை அசையவில்லை. இல்லத்தரசியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கூரை ஓட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதில்லை. அவ்வாண்டு இடவப்பாதி மழையில் இரண்டு இடத்தில் பாத்திரம் வைத்தோம்.

நாம் பணிக்குப் போன வேளையில் அன்னையாருக்கு முள்ளின் இடம் தெரியாமற் போயிற்று. மகள் ஒரு வழி கண்டாள். தன் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கண்ணாடியின்மேல் ஒட்டினாள்: நாகர்கோவிலுக்குச் சிறியது, திருநெல்வேலிக்குப் பெரியது. விரலால் தடவினால் இடம் தெரியும்.

எல்லை திறந்தபின் பெரியவர் ஒரு நாள் பெட்டியைப் பார்க்க வந்தார். கண்ணாடியிலிருந்த பொட்டுகளைக் கண்டு முகம் சுளித்து, நகத்தால் சுரண்டப் போனார். “அதத் தொடாதீய” என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. பார்வை மங்கியவர் அதை எப்படிக் கண்டார் என்று நமக்கு விளங்கவில்லை. பெரியவர் கையை எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, நாம் பற்றவைத்த கம்பியைப் பார்த்து, “மோசமில்ல” என்று சொல்லிவிட்டு அதைத் தாமே மறுபடியும் ஒட்டிக் கொடுத்துச் சென்றார்.