எஸ்எம்பிஎஸ் புராணம்: மாடுலர் கேபிளும் அனந்தபுரத்துக் கரண்டும்

மாடுலர் பவர் சப்ளையா, சாதாவா? கேம் விளையாட கம்ப்யூட்டர் சேர்க்கிற பசங்க எல்லாரும் கடைசியில வந்து முட்டிக்கிட்டு நிற்கிற கேள்வி இதுதான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ஆறு மாசமா மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. எஸ்எம்பிஎஸ்னு வந்தா மட்டும் "எது அழகா இருக்கும்?"ங்கிற அளவுல முடிஞ்சு போயிடும். (பெட்டிக்குப் பேரு பவர் சப்ளை யூனிட். ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்ல எஸ்எம்பிஎஸ்னு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. நானும் அப்படியே எழுதறேன்.)

இந்தத் தடவை மாட்டிக்கிட்டவன் எங்க அக்கா பையன். ஊர் செஞ்சி பக்கம் அனந்தபுரம். கேம் ஒரு காரணம்தான். கல்யாண வீடியோ எடிட் பண்ணி, ஆல்பம் டிசைன் பண்ணி காலேஜ் செலவை அவனே பார்த்துக்கப் போறானாம். மாமா மல்லாட்டை வித்த காசுல 80 ஆயிரம் ஒதுக்கிக் கொடுத்தார். "அதுக்கு மேல ஒத்தப் பைசா கேக்காத, அடுத்த போகத்துக்கு விதை வாங்கணும்"னு கறாரா சொல்லியும் வச்சிட்டார். பையன் சென்னைக்குப் போய் கடையில ஒரு கொட்டேஷன் வாங்கிட்டு வந்தான். அதுல 750 வாட், கோல்டு, ஃபுல் மாடுலர் எஸ்எம்பிஎஸ், 9,200 ரூபா.

"எதுக்குடா இது?"

"மாமா, வேண்டாத கேபிளைக் கழட்டி வச்சிரலாம். கண்ணாடி கேபினட்ல நீட்டா இருக்கும்."

அவன் சொன்னது தப்பில்லை. மாடுலர்னா அவ்வளவுதான். சாதா எஸ்எம்பிஎஸ்ல எல்லா ஒயரும் பெட்டிக்குள்ளேர்ந்தே கொத்தா தொங்கும். ஃபுல் மாடுலர்ல எல்லாத்தையும் கழட்டலாம். செமி மாடுலர்ல மதர்போர்டுக்குப் போற 24 முள் ஒயரும், பிராசஸருக்குப் போறதும் பொதுவா நிரந்தரமா இருக்கும், மத்ததைக் கழட்டலாம். அந்த ரெண்டு ஒயர் இல்லாம எந்தக் கம்ப்யூட்டரும் ஓடாது. எப்பவுமே கழட்டப் போறதில்லாத ஒயரைக் கழட்டற வசதிக்கு எதுக்கு தனியா காசு? ஒயர் கம்மியா இருந்தா காத்தோட்டம் பிரமாதம்னு சொல்லுவாங்க. கேபினட்டோட பின்பக்கம் ஒயரை ஒதுக்கிக் கட்டிட்டா பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியாது. கை நல்லா நுழையும், தூசு தட்ட சுலபம். அது நிஜமான லாபம்.

சரி, 750 வாட் எதுக்கு? கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவன் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு, 145 வாட். ரைசன் 5 7600, முழுசா மூச்சுப் பிடிச்சா 88 வாட். மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாத்துக்கும் தாராளமா 60-70. மொத்தம் 300 வாட். என்விடியாவே அந்தக் கார்டுக்கு 550 வாட் போதும்னுதான் சொல்லுது. 2022 அக்டோபர்ல 4090 கார்டுல 16 முள் கனெக்டர் உருகிப் போன கதையைப் படிச்சிட்டு அதுக்கும் பயந்துக்கிட்டு இருந்தான். அவன் கார்டுக்கு வர்றது பழைய 8 முள் ஒண்ணுதான். அந்தக் கவலை அவனுக்கு இல்லை.

வாட்டைப் பெட்டி மேல போட்டிருக்கிற பெரிய எழுத்துல பார்க்காதீங்க. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். அதை 12-ஆல பெருக்குங்க. 54 ஆம்பியர்னா 648 வாட், அது நிஜமான 650. கேபினட்டோட இலவசமா வர்ற "450 வாட்" பெட்டியில இந்தக் கணக்கைப் போட்டா பல சமயம் பாதிகூட தேறாது.

அடுத்தது கோல்டு. 80 பிளஸ்னு ஒரு சான்றிதழ், 2004-ல வந்தது. சுவத்துலேர்ந்து வாங்கற கரண்ட்ல எவ்வளவை வீணாக்காம உள்ளே கொடுக்குதுங்கிறதுதான் அதோட அளவு. அமெரிக்க 115 வோல்ட் கணக்குல, பாதி லோடுல பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90. நம்ம 230 வோல்ட்ல ரெண்டுமே இன்னும் கொஞ்சம் மேல போகும். சரி, 300 வாட் வேணும்னா பிரான்ஸ் 353 இழுக்கும், கோல்டு 333 இழுக்கும். 20 வாட் வித்தியாசம். தினம் நாலு மணி நேரம், ரெண்டு மாசம்னா 240 மணி நேரம். கிட்டத்தட்ட 5 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபான்னு வச்சாலும் 40 ரூபா! பையன் முகத்தைப் பார்க்கணுமே... கோல்டு போட்டா கரண்ட் பில்லுல போட்ட காசைப் பிடிச்சிடலாம்னு அவங்க அப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தானாம்.

கோல்டு வீண்னு சொல்லலை. சூடு கம்மி, ஃபேன் சத்தம் கம்மி, உள்ளே இருக்கிற சாமானும் பெரும்பாலும் தரமா இருக்கும். ஆனா அந்தச் சான்றிதழ் சோதனை நடக்கிறது 23 டிகிரி குளுகுளு அறையில. சித்திரை வெயில்ல செஞ்சிப் பாறை கொதிக்கிற கொதிப்புல, மாடி ரூம்ல ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட 35 டிகிரிக்குக் குறையாது. அதனால சான்றிதழ் நிறத்தை விட, "40 டிகிரியில முழு வாட் தரும்"னு போட்டிருக்கா, "50 டிகிரி"ன்னு போட்டிருக்கான்னு பார்க்கிறது நமக்கு உபயோகம். 50-ன்னா கண்ணை மூடிட்டு அது பக்கம் சாயலாம்.

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். விஷயம் இனிமேதான் இருக்கு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ரெண்டு பக்கம். கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிற ஒயரைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. சுவத்துப் பக்கம் போற அந்த ஒத்தை ஒயரைப் பத்தி யாரும் பேசறதில்லை.

அனந்தபுரத்துல மோட்டார் ஓடுற நேரத்துக்கு வோல்டேஜ் படுத்துடும். கிணத்து மோட்டாருக்கு மூணு பேஸ் விடுற நேரத்துல, ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல பத்துப் பேர் சுவிட்சைத் தட்டினா அக்கா வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும். மீட்டர் வச்சுப் பார்த்தேன், 168. இதுக்கு ஸ்டெபிலைசர் வாங்கணும்னு மாமா கிளம்பிட்டார். தேவையில்லை. ஸ்டிக்கர்ல "100-240" வோல்ட்னு போட்ட எஸ்எம்பிஎஸ் 168-ஐப் பார்த்து அசராது, கொஞ்சம் கூட ஆம்பியர் இழுத்துக்கும், அவ்வளவுதான். "200-240"ன்னு மட்டும் போட்டிருந்தா அதை எடுக்காதீங்க. பழைய பெட்டிகள்ல பின்னாடி ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115/230-னு. அதை 115-க்குத் தள்ளி பிளக்ல சொருகினா பட்டாசுதான்.

வோல்டேஜ் ஏறுறதுதான் ஆபத்து. லைன்ல நியூட்ரல் அறுந்துட்டா வீட்டுக்குள்ள 300-க்கு மேல கூட வந்து நிற்கலாம். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கின எஸ்எம்பிஎஸ்ஸும் அதைத் தாங்கறதுக்காகச் செஞ்சது இல்லை. மெயின் போர்டுல வோல்டேஜ் எகிறினா கட் பண்ணிவிடுற சின்னப் பெட்டி ஒண்ணு மாட்டிக்கிட்டா ஃபிரிட்ஜ், டிவி எல்லாத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

அப்புறம் இன்வெர்ட்டர். 2012-ல சென்னைக்கு வெளியே மணிக்கணக்கா கரண்ட் போன காலத்துல வாங்கினது எங்க வீட்டுல இன்னும் இருக்கு. அது சதுர அலை. ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற இந்தக் கால எஸ்எம்பிஎஸ் பலதுக்கு அந்தச் சதுர அலை ஒத்துக்காது, டப்புன்னு அணைஞ்சிடும். நல்ல வேளையா அக்கா வீட்டுல இருக்கிறது சைன் அலை.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கிற அந்தக் கண நேரம் எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல சேர்த்து வச்ச கரண்ட்ல ஓடணும். இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் விதிகள்ல இதுக்கு சுமாரா 17 மில்லி செகண்ட் கேட்கிறாங்க. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஒரு சுத்து சுத்தி முடிக்கவே 20 மில்லி செகண்ட் ஆகும். (1690-லேர்ந்து 1698 வரைக்கும் ஜுல்ஃபிகர் கான் முற்றுகையைத் தாங்கின செஞ்சிக்கோட்டைக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, 17 மில்லி செகண்டுக்கு மல்லுக்கட்டறோம் பாருங்க. அதே கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிடுச்சு.)

இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோட், சாதா மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா மோட்ல மாற லேட் ஆகும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிடும். யுபிஎஸ் மோட்ல சட்டுன்னு மாறும். ஆனா அதுல ஒரு சிக்கல். அந்த மோட்ல வோல்டேஜ் வழக்கமா 180-க்குக் கீழே போனாலே "கரண்ட் இல்லை"ன்னு நினைச்சு பேட்டரிக்குத் தாவிடும். மோட்டார் நேரத்துல 168 வர்ற ஊர்ல பேட்டரி என்னத்துக்கு ஆகும்? அதனால ஏற்பாடு இப்படி: எடிட்டிங் வேலை, கேம் எல்லாம் மோட்டார் நின்ன பிறகு ராத்திரி, யுபிஎஸ் மோட்ல. பகல்ல சாதா மோட். 550-க்குப் பதிலா 650 வாட் எடுக்கச் சொன்னதுக்கும் இதுதான் காரணம். பாதி லோடுல ஓடற எஸ்எம்பிஎஸ் அந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூடுதலா தாங்கும்.

கடைசியா எர்த். நான் மெனக்கெட்டு இதை எழுதறதே இதுக்காகத்தான்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு லேசா அடிக்குதா? "அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ"ன்னு சொல்ற வீடு எத்தனையோ உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள, கரண்ட் உள்ளே வர்ற இடத்துல, பேஸ்லேர்ந்து கேபினட்டுக்கு ஒண்ணு, நியூட்ரல்லேர்ந்து கேபினட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புறது அதோட வேலை. எர்த்தே இல்லைன்னா அந்த இரைச்சல் எங்கே போகும்? கேபினட் நடுவுல தொங்கிக்கிட்டு 115 வோல்ட் பக்கம் நிற்கும். ஆம்பியர் ரொம்பக் கம்மிங்கிறதால ஆளைக் கொல்லாது. ஆனா எஸ்எம்பிஎஸ் உள்ளே ஏதாவது அறுந்து பேஸ் கேபினட்டைத் தொட்டா, ஃபியூஸ் போகவும் வழி இல்லை, தொட்டவங்களுக்குத்தான் ஷாக். அக்காவோட சின்னப் பொண்ணுக்கு ஏழு வயசு. வெறுங்காலோட ஓடற வீடு.

எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து அந்த ரூம் பிளக்கைக் கழட்டினோம். மூணாவது ஓட்டைக்கு ஒயரே வரலை. எப்பவோ ஒயரிங் பண்ணினவர் நியூட்ரலை ஒரு துண்டு ஒயரால எர்த் முனைக்கு இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார். டெஸ்ட் லேம்ப் வச்சா பல்பு எரியும், எர்த் இருக்கிற மாதிரியே காட்டும். ஆனா அந்த நியூட்ரல் எங்கேயாவது விட்டுப் போச்சுன்னா, கேபினட் முழுக்க 230 வோல்ட்! மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "முதல்ல இதைச் சரி பண்ணுப்பா, கம்ப்யூட்டர் நிக்கட்டும்"னார்.

ஆக, 9,200 ரூபா மாடுலர் போச்சு. அதுக்குப் பதிலா 650 வாட், பிரான்ஸ், செமி மாடுலர், 50 டிகிரி ரேட்டிங், 5,800 ரூபா. மிச்சம் 3,400. கொல்லையில குழி வெட்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் எடுத்து, பழைய முடிச்சை அறுத்துப் போட்டு ரூம் வரைக்கும் பச்சை ஒயர் இழுத்ததுக்கு 3,100 ஆச்சு. பேஸுக்கும் எர்த்துக்கும் இப்போ 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். கோடையில அந்தக் குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்தறது பையன் பொறுப்பு.

கம்ப்யூட்டர் சேர்த்த அன்னிக்கு அவன் ஃபிரெண்டு ஒருத்தன் வந்தான். பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணை மாட்ட ஒயர் எட்டலை. "என்கிட்ட வேற கம்பெனி மாடுலர் கேபிள் சும்மா கிடக்கு, அதே மாதிரிதான் இருக்கு"ன்னு நீட்டினான். வேண்டாம்னுட்டேன். டிஸ்க் பக்கம் இருக்கிற முனைக்கு உலகம் பூரா ஒரே அளவு. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கிற முனைக்கு அப்படிப் பொது விதி எதுவும் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வரிசை. ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். சாதா எஸ்எம்பிஎஸ்லயாவது மஞ்சள்னா 12 வோல்ட், சிவப்புன்னா 5-னு நிறம் காட்டிக் கொடுக்கும். மாடுலர்ல எல்லாமே கறுப்பு. கச்சிதமா சொருகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 போகும், டிஸ்க் காலி. அந்த டிஸ்க்ல இருந்தது அக்கா கல்யாண வீடியோ. மாத்தி எடுக்க வேற பிரதி கிடையாது.

எஸ்எம்பிஎஸ் வாரண்டியில போய் வேற மாடலா திரும்பி வந்தாலும் இதே கதைதான். உள்ளே மாட்டியிருக்கிற பழைய ஒயரை அப்படியே விட்டுட்டு பெட்டியை மட்டும் மாத்தக் கூடாது, புதுசோட வந்த ஒயரையே எல்லா இடத்துலயும் போடணும்.

மாட்டாம மிஞ்சின மூணு கேபிளை ஒரு பையில போட்டு, மாடல் பேரு எழுதி ஒட்டி அக்காகிட்ட கொடுத்திருக்கோம். பில்லும் அதே பையிலதான் இருக்கு.