பாதி முகத்துக்கு எண்ணெய்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார், லெபோ குயின் வழியாக நடப்பவர்களை முதலில் இழுப்பவை பூமாலைகளும் வடை வாசமும்தான். மளிகைக் கடைக்குள் நுழைந்து, மிளகாய், மல்லி மூட்டைகளைக் கடந்து பின்பக்கம் போனால்தான் எண்ணெய் அடுக்கு கண்ணில் படும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் என்று போத்தல்கள் வரிசையாக நிற்கும். ‘எண்ணெய்’ என்ற சொல்லே எள், நெய் என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து உருவானது. எள்ளிலிருந்து எடுத்ததற்கு உரிய அந்தப் பெயர், பிறகு தேங்காய்க்கும் கடலைக்கும், ஏன், மண்ணெண்ணெய்க்கும்கூடப் பொதுப்பெயராகிவிட்டது. தன் இடத்தைக் காத்துக்கொள்ளத்தான் எள்ளின் எண்ணெய் ‘நல்ல’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது போலும்.

அந்த அடுக்கின் முன் ஒரு சனிக்கிழமை காலை படிவம் நான்கு மாணவி ஒருத்தி நின்றாள். பாட்டி வாங்கிவரச் சொன்னது விளக்கெண்ணெய். அவள் கையில் எடுத்ததோ ‘விளக்கு எண்ணெய்’ என்று அச்சிட்ட போத்தல்.

“எதற்கம்மா? சாமி விளக்குக்கா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்லை அங்கிள், முகத்துக்கு” என்று தயங்கிச் சொன்னாள். சொல்லும்போதே கை தானாகக் கன்னத்தை மறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. அந்தப் போத்தலை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். பூசை விளக்குக்கென விற்பது பல எண்ணெய்களின் கலவை. சிலவற்றில் வாசனையும் சேர்ப்பார்கள். அது தோலுக்கானதன்று. விளக்கெண்ணெய் என்பதோ ஆமணக்கு விதையிலிருந்து எடுப்பது. இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்பதற்கும் பிரிந்து நிற்பதற்கும் இடையே இத்தனை வேறுபாடு இருக்கும் என்று அவள் இலக்கண வகுப்பில்கூட நினைத்ததில்லை.

ஓராண்டாகவே அவள் முகத்தில் அடைப்புகள். மூக்கில் கருப்புப் புள்ளிகள், கன்னத்திலும் தாடையிலும் சிறு முண்டுகள், மாதத்தில் சில நாள்கள் சிவந்து வலிக்கும் பருக்கள். வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தவள் கடைசி வரிசைக்குப் போனாள். பேச்சுப் போட்டிக்கு ஆசிரியர் பெயர் கேட்டபோது குனிந்துகொண்டாள். போன ஆண்டு மாவட்டப் போட்டிவரை சென்றவள் அவள்.

பருவ வயதில் உடலில் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர்கள் கூடுகின்றன. ஆண், பெண் இருபாலாருக்கும் இது பொது. அவற்றின் தூண்டுதலால் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, சீபம் என்ற மெழுகு போன்ற நெய்யை அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்கால் துளை வழியாக வெளியேற வேண்டிய அந்த நெய், உதிர்ந்த தோல் செல்களோடு கலந்து துளையிலேயே அடைத்துக்கொள்கிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் அது கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வருவதன்று. உள்ளே இருக்கும் நிறமியும் நெய்யும் காற்றுப் பட்டு மாறுவதால்தான் அந்த நிறம். எனவே எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது வெளுக்காது, தோல்தான் எரியும். 12 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிறிதளவேனும் பரு வரும் என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம். இந்தக் கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தால் கடைசி வரிசைக்குப் போயிருப்பாளா என்பது வேறு விஷயம். கண்ணாடியில் தெரிவது ஒரே ஒரு முகம்தானே!

தோழிகள் சிலர் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் வாங்கிய களிம்புகளைப் பரிந்துரைத்தார்கள். ‘ஏழே நாளில் பளிங்கு முகம்’ என்னும் வகையைச் சேர்ந்தவை அவை. அந்த வழியில் அவள் போகாதது நல்லதாயிற்று. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவை கலந்த முகக் களிம்புகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பெயர்களைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்துப் பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பாட்டியின் கிண்ணத்தில் இருப்பது என்ன என்பதாவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பாட்டியின் அளவு இது: ஒரு கரண்டி விளக்கெண்ணெய்க்கு மூன்று கரண்டி நல்லெண்ணெய். இரவில் முகத்தில் தடவி, விரல் நுனியால் இரண்டு, மூன்று நிமிடம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முகத்தின்மேல் சிறிது நேரம் போட்டுவைத்து, பிறகு எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். கடைசியில் பாசிப்பயற்று மாவால் கழுவ வேண்டும்.

“எண்ணெய் வடியும் முகத்துக்கு இன்னும் எண்ணெயா, பாட்டி?” என்றாள் பேத்தி.

“எண்ணெய்க் கறை பிடித்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார், போகிறதா என்று. எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும், கண்ணு” என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது அறிவியலுக்கு முரணானதன்று. நீரில் கரையாத பொருளைக் கரைக்க அதைப் போன்ற தன்மையுள்ள பொருளே ஏற்றது. சீபம் நீரில் கரைவதில்லை. எண்ணெயோடு கலந்து இளகும். வெயில் தடுப்புக் களிம்பையும் ஒப்பனையையும் எடுக்க எண்ணெய் பயன்படுவது இதனால்தான். ஆனால் துணியின் வெப்பத்தில் ‘துளைகள் திறக்கின்றன’ என்று பலரும் சொல்வது சரியன்று. கதவுபோல் திறந்து மூடத் தோல் துளைக்குத் தசை இல்லை. வெப்பத்தில் இளகுவது உள்ளே இருக்கும் நெய்தான்.

பேத்தி அறிவியல் பிரிவு மாணவி. முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் காத்திருந்தாள். அரிப்போ சிவப்போ இல்லை. பிறகு பாட்டி எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

“வலப்பக்கத்துக்கு மட்டும் எண்ணெய். இடப்பக்கத்துக்கு வெறும் வெந்நீர்த் துணியும் பயற்று மாவும். இரண்டு வாரம் பார்க்கலாம்.”

“பாதி முகத்துக்கு வைத்தியமா? இதென்ன கூத்து!” என்று பாட்டி சிரித்தார். இருந்தாலும் இரவானதும் கிண்ணத்தைக் கொண்டுவந்து, வலக் கன்னத்தில் மட்டும் கவனமாகத் தடவிவிட்டார்.

இது நல்ல ஏற்பாடு. இரண்டு கன்னமும் ஒரே வீட்டில், ஒரே வெயிலில், ஒரே சோற்றில் வளர்பவை. வேறுபாடு எண்ணெய் ஒன்றுதான். முகம் முழுவதும் பூசியிருந்தால், பரு குறைந்தாலும் கூடினாலும் அது எண்ணெயாலா, தேர்வுக் கவலையாலா, மாதத்தின் எந்த நாள் என்பதாலா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

அவள் ஒரு பழைய பயிற்றுப் புத்தகத்தில் குறித்துவந்தாள். மூன்றாம் இரவு, மூக்கின் வலப்பக்கம் தேய்க்கும்போது விரலுக்கடியில் மணல் போன்ற நெருடல். அடைப்புகள் வெளியே வருகின்றன என்று இருவரும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் பாதிதான் நியாயம். மூக்கில் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகளே அல்ல. நெய் வெளியேறும் வழியில் இயல்பாகப் படியும் மெல்லிய இழைகள். எல்லார் மூக்கிலும் அவை உண்டு. எடுத்தால் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். அவற்றை நோய் என்று நினைத்து நகத்தால் பிதுக்குகிறவர்கள் வடுவைத்தான் சம்பாதிக்கிறார்கள்.

ஏழாம் நாள் மூக்கின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட வழவழப்பாக இருந்தது. தாடைப் பருக்களில் மாற்றம் எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் நெற்றியில், முடி தொடங்கும் கோட்டை ஒட்டி, பொடிப் பொடியாகப் புதிய முண்டுகள்.

“உடம்புச் சூடு வெளியே வருகிறது. நிறுத்தாதே” என்றார் பாட்டி.

அம்மாவோ, “எல்லாம் அந்த எண்ணெயால்தான். போதும், நிறுத்துங்கள்” என்று கிண்ணத்தை எடுத்து வைத்தார். அன்றிரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

மாணவி தன் புத்தகத்தைத் திறந்து நெற்றியின் படத்தை வரைந்து, முண்டுகளைப் புள்ளிகளாக வைத்தாள். வலப்பக்கம் பதினொன்று, இடப்பக்கம் பத்து. முக எண்ணெய் காரணமென்றால் இடப்பக்கம் ஏன் வந்தது? பாட்டி சொல்வதும் அம்மா சொல்வதும் இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அரசாங்க மருத்துவகத்தில் ஒரு ரிங்கிட் கட்டி வரிசையில் காத்திருந்து, மூவரும் மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “தலைக்கு என்ன பூசுகிறாய்?”

தேங்காய் எண்ணெய். தினமும் காலையில், பள்ளிக்குப் பின்னல் போடும்போது. பேத்தி கைக்குழந்தையாக இருந்த நாள்முதல் பாட்டியின் கையால் நடந்துவரும் காரியம் அது. பினாங்கின் புழுக்கத்தில், பத்து மணிக்கெல்லாம் அந்த எண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு இறங்கிவிடும். இரவில் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் வரும்.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. தலையில் எண்ணெய்ப் பசை பூசும் ஆண்களின் நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் வரும் முண்டுகளை ஆராய்ந்து, 1970-இல் பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் ஆகிய தோல் மருத்துவர்கள் அதற்குப் ‘பொமேட் பரு’ என்று பெயரிட்டு எழுதினார்கள். தலைக்குப் பூசும் பசைக்குத்தான் பொமேட் என்று பெயர். ஈராண்டு கழித்து, முக ஒப்பனைப் பொருள்களால் வரும் பருவைப் பற்றிக் கிளிக்மனும் மில்சும் எழுதினார்கள். எந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று பார்க்க அக்காலத்தில் முயலின் காதில் தடவிச் சோதித்தார்கள். முயல் காது மனித முகத்தைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டும். ஆகவே ‘துளையை அடைக்கும் எண்ணெய்கள்’ என்று இன்று பரவும் பட்டியல்களை அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் பருவுள்ள முகத்தில் தேங்காய் எண்ணெயை ஊறவிட வேண்டாம் என்பதே தோல் மருத்துவர்கள் பலரின் அறிவுரை.

அந்த மருத்துவர் எண்ணெயை வைத்துப் பாட்டியைக் குறை சொல்லவில்லை. துடைத்தெடுக்கும் எண்ணெய் வேறு, நாள் முழுவதும் தங்கும் எண்ணெய் வேறு என்றார். விருப்பமிருந்தால் இரவில் முகத்தைத் துடைக்க அந்தக் கலவையைப் பயன்படுத்தலாம். எரிச்சல் வந்தால் நிறுத்த வேண்டும். தலைக்கு எண்ணெய் வாரம் ஒருமுறை, தலைமுழுகுவதற்கு முன்பு மட்டும். வலிக்கும் தாடைப் பருக்களை எண்ணெய் ஆற்றாது. அவற்றுக்கு வலிமை குறைந்த பென்சாயில் பெராக்சைடு களிம்பை எழுதிக் கொடுத்து, பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார். வீட்டில் ஆமணக்கு விதையை அரைத்து எண்ணெய் எடுக்கலாமா என்று அம்மா கேட்டபோது மட்டும் அவர் குரல் கண்டிப்பானது. அந்த விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. முறையாகத் தயாரித்த எண்ணெயில் அது இருக்காது. அரைத்த விழுதில் இருக்கும்.

பேருந்தில் கொம்தார்வரை பாட்டி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பதினாறு ஆண்டுகளாகத் தன் கை செய்த பணிவிடை இன்று நெற்றியில் புள்ளியாக நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். பேத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுவீர்கள்தானே? சீயக்காய் நான் வாங்கி வருகிறேன்” என்றாள்.

“காலையில் என்ன செய்வது? காய்ந்த தலையோடா பள்ளிக்குப் போவாய்?”

“பின்னல் மட்டும் போடுங்கள், பாட்டி.”

ஆறாம் வாரம் நெற்றி ஏறக்குறையத் தெளிந்தது. தாடையில் புதிய பருக்கள் குறைந்தன. பழையவை விட்டுச்சென்ற கருந்தழும்புகள் இன்னும் இருந்தன. மூக்கின் புள்ளிகள் வந்து போய்க்கொண்டிருந்தன, எல்லாருக்கும்போல. ஒரே ஒரு முகத்தில் நடந்த இந்தச் சோதனை மற்றவர் முகத்துக்கு எதையும் உறுதிசெய்யாது என்று அவளே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது அதற்கு முன்பே, நான்காம் வாரத்தில், முண்டுகள் நன்றாகத் தெரிந்தபோதே.

களிம்பில் மட்டும் பாட்டிக்கு ஒரு குறை. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பாட்டியின் நீலப் பூப்போட்ட புதுத் துவாலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டுகள்.

“எண்ணெய்க் கறையாவது துவைத்தால் போகும்” என்று முணுமுணுத்துக்கொண்டே, அதைப் பேத்தியின் கட்டிலருகே மாட்டிவிட்டுத் தமக்கு வேறொரு துவாலையை எடுத்துக்கொண்டார்.