முட்டையை ஊதும் பிள்ளை

அங்கன்வாடியில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது பாட்டும் கதையும்தான். சொல்லித் தருகிறேன். ஆனால் 2 வயதுப் பிள்ளைக்கு நாம் பாடுவது பாதிதான் ஏறும். நாம் செய்வது முழுசாக ஏறும்.

இதை நான் கற்றது எங்கள் மையத்தில் உதவியாளராக இருந்த அக்காவிடம். அதிகம் படித்தவரில்லை. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ வாருங்கள் என்று அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாளியோடு வாசலில் குந்துவார். தன் கையை நனைத்து, சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, புறங்கை, நகக்கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். அதுவரை வாயைத் திறக்க மாட்டார். பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும், கையை விட்டுவிடும். அவர் கழுவி முடிப்பதற்குள் வாளியைச் சுற்றிச் சின்னக் கைகள் நீண்டிருக்கும்.

எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார் என்பதும் அவர் சொன்னதே. எதிரே இருந்து வலது கையைத் தூக்கினால் பிள்ளை கண்ணாடியில் தெரிவது போல இடது கையைத் தூக்கும். பொத்தான் போடுவதையும் செருப்பு மாட்டுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

வாரத்தில் 3 நாள் முட்டை உண்டு. சூடு ஆறட்டும் என்று அக்கா உரித்த முட்டையை உள்ளங்கையில் வைத்து ஊதிவிட்டுத்தான் கொடுப்பார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் ஆறிப்போன முட்டையையும் ஊதினார்கள். ஒருத்தி ஊதிவிட்டுக் கவுன் நுனியால் நெற்றியையும் துடைத்துக்கொண்டாள். அக்கா முந்தானையால் வேர்வை துடைப்பதும் அதோடு சேர்ந்துவிட்டது! வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்க்கிற வயதில்லை அது. பெரியவர்கள் செய்தால் காரணம் இருக்கும் என்று நம்பி அப்படியே எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே சோறு போட்டால் அதுவும் வரும். மரக்கட்டையைக் காதில் இடுக்கிக்கொண்டு சொப்புப் பானையில் கரண்டி விடுகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பிள்ளையிடம் விரலை ஆட்டி “உக்காரு!” என்று அதட்டுகிற குரலும் யாரோ பெரியவர் குரல்தான்.

பார்த்த அன்றே பிள்ளை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பையன் மையத்தில் தட்டை எடுத்து வைத்ததே இல்லை. ஒரு நாள் அவன் அம்மா வந்து, “வீட்டுல சாப்பிட்டதும் தட்டைக் கொண்டுபோயி தொட்டியில வைக்கிறான் டீச்சர், யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். அதனால் ‘வரவில்லை’ என்று பதிவேட்டில் அவசரப்பட்டு எழுத வேண்டாம். தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துத் திருத்தவும் வேண்டாம். நீங்களே இன்னொரு தரம், இன்னும் மெதுவாகச் செய்து காட்டுங்கள். தண்ணீர் சிந்தும். சிந்தட்டும். துணி எடுத்து நீங்கள் துடைப்பதைப் பார்த்தால் அடுத்த தரம் பிள்ளையே துணியைத் தேடும்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. எடை மெஷின், செல்போன் செயலி என்று எவ்வளவோ வந்துவிட்டது. அவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரம் பழைய உதவியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். பாட்டெல்லாம் அப்புறம் நானே சொல்லித் தருகிறேன்.